மூன்று மால்கள், எத்தனை முதலாளிகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன்பு தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். சுற்றுவட்டாரத்து டாக்கீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை என்றும், வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்தால் கோயம்புத்தூரில் மூன்று பெரிய மால்களில் மூன்று நிறுவனங்களின் திரையரங்குகள் காத்திருக்கின்றன என்றும், அவை ஒன்றையொன்று முந்தப் போட்டி போடுவதால் ஆதாயம் நமக்குத்தான் என்றும் அவர் எழுதியிருந்தார். டாக்கீஸ்களைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குப் பெரிய வழக்கில்லை; அவற்றின் மூட்டைப்பூச்சிகளை நானும் அறிவேன். மூன்று நிறுவனங்கள் என்ற கணக்குத்தான் இடிக்கிறது. நான் வாழ்நாளெல்லாம் தியேட்டர் கணக்கு எழுதிய ஆள் என்பதால் அதைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

புரூக்ஃபீல்ட்ஸ் மாலில் இருக்கும் அரங்கை முதலில் நடத்தியது, சென்னை ராயப்பேட்டையில் சத்யம் தியேட்டரை வைத்திருந்த எஸ்.பி.ஐ. சினிமாஸ். அப்போது அதற்கு 'தி சினிமா' என்று பெயர். 2018 ஆகஸ்டில் எஸ்.பி.ஐ. நிறுவனத்தை டெல்லியில் தொழில் தொடங்கிய பி.வி.ஆர். வாங்கியது. சத்தி சாலையில் புரோசோன் மாலில் இருப்பது ஐநாக்ஸ். 2023 பிப்ரவரியில் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் சட்டப்படி ஒரே நிறுவனமாகிவிட்டன. பீளமேட்டு ஃபன் ரிபப்ளிக் மாலில் இருந்த ஃபன் சினிமாஸ், எஸ்ஸெல் குழுமத்தின் கையிலிருந்து மெக்சிகோ நாட்டின் சினிபோலிஸ் நிறுவனத்துக்குப் போனது. ஆகவே, மால்கள் மூன்று என்பது சரி. முதலாளிகள் இரண்டே பேர். புரூக்ஃபீல்ட்ஸில் இடம் இல்லை என்று கோபித்துக்கொண்டு, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து புரோசோனுக்குப் போகிறவர், ஒரே கடையின் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போகிறார்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1980களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் 'ரெப்' ஆகச் சேர்ந்து, படச்சுருள் காலம் முடிந்து டிஜிட்டல் வந்த பிறகும் சில ஆண்டுகள் அதே வேலையில் இருந்தவன் நான். ரெப் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விநியோகஸ்தரின் ஆளாகத் தியேட்டரில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் விற்ற டிக்கெட்டை எண்ணி, கேளிக்கை வரி போக மீதியைப் பேசிய விகிதப்படி பிரித்து, டி.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் அன்றாட வசூல் கணக்கில் தியேட்டர்காரரிடம் கையெழுத்து வாங்கி வருவது எங்கள் வேலை. தமிழ்ப் படம் ஓடும் இடம் என்பதால், நான் பிறந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சித்தூர் தாலுகாவும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்த வேலையில் ஒருவன் முதலில் கற்றுக்கொள்வது, 'இந்தத் தியேட்டருக்கு முதலாளி யார், இரவு கணக்கு முடிக்கும்போது அவர் எங்கே இருப்பார்' என்பதைத்தான்.

தகரக் கூரை போட்ட ஒரு டாக்கீஸ் இன்றும் கண் முன்னே நிற்கிறது. அதன் முதலாளி மாலைக் காட்சிக்கு மணியடிக்கும் முன்பே கேட்டருகில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் ஆட்டத்து இடைவேளை முடியும் வரை எழுந்திருக்க மாட்டார். ஓர் ஆடி மாத இரவு, கூரையில் விழுந்த மழையில் வசனமே கேட்காமல் படம் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் விசிலடித்தார்கள், பிறகு பெஞ்சைத் தட்டினார்கள், பிறகு வெளியே வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் இருந்த, பஞ்சாயத்து முத்திரை குத்திய, பாதி கிழித்த டிக்கெட்டை வாங்கி, அதன் பின்புறம் பச்சை மையில் தன் பெயரின் முதலெழுத்தைக் கிறுக்கி, "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். மறுநாள் அந்த டிக்கெட்டுகளை வசூலில் எப்படிக் காட்டுவது என்று அவருக்கும் எனக்கும் நடந்த சண்டை தனிக்கதை.

அவரைப் புண்ணியவான் என்று சொல்ல வரவில்லை. வாசலில் வாங்கிய டிக்கெட்டைக் கிழிக்காமல் அப்படியே கவுண்டருக்குத் திருப்பி அனுப்பி, அதையே இரண்டாம் தடவை விற்று, எங்கள் பங்கையும் பஞ்சாயத்தின் வரியையும் சேர்த்து விழுங்குவதில் அவரைப்போல் கைதேர்ந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. கணினி வழி டிக்கெட் வந்த பிறகு அந்தத் திருட்டு பெரும்பாலும் ஒழிந்தது என்பதையும், அதைக் கொண்டுவந்ததில் பெரிய தியேட்டர் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் ஒரு பழைய ரெப் மறுக்க முடியாது. பெண்கள் துணையில்லாமல் போய்ப் படம் பார்த்துவிட்டு வரக்கூடிய அரங்குகள், கதவைத் திறக்க அஞ்ச வேண்டாத கழிப்பறைகள் ஆகியவற்றையும் அவர்கள் கணக்கில் வரவு வைக்கலாம். என் மனைவி அந்தக் கழிப்பறைகளைப் பற்றிப் பேசும் அளவுக்குப் படங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரே ஆள் பல கொட்டகைகளை வைத்திருப்பதும் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த, கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தப் பெயரில் சாலையே இன்றும் இருக்கிறது. அவரும் ஓர் அரங்கோடு நிற்கவில்லை. ஆனால் அவர் வளர்ந்த விதத்துக்கும், இன்று நாம் காணும் வளர்ச்சிக்கும் இடையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர் படம் இல்லாத ஊருக்குப் படத்தைக் கொண்டுபோனார். இன்றைய நிறுவனங்கள் புதிதாகக் கட்டியவையும் ஏராளம்தான். ஆனால் அவை இவ்வளவு வேகமாகப் பெருத்ததற்கு, பிறர் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த அரங்குகளை ஆள், நாற்காலி, பெயர்ப் பலகையோடு மொத்தமாக வாங்கியதே பெரிய காரணம்.

பி.வி.ஆரின் கதையையே எடுத்துக்கொள்வோம். லாரிப் போக்குவரத்துத் தொழில் செய்த பிஜ்லி குடும்பம், டெல்லி வசந்த் விஹாரில் இருந்த பிரியா என்ற ஒற்றைத் திரையரங்கை 1978 இல் வாங்கியது. அந்தக் குடும்பத்தின் அஜய் பிஜ்லி 1995 இல் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். பிரியாவின் முதலெழுத்தும் வில்லேஜ் ரோட்ஷோவின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் பி.வி.ஆர். 1997 இல் டெல்லி சாகேத்தில் அனுபம் என்ற பழைய தியேட்டரை நான்கு திரைகளாக்கி அவர்கள் திறந்ததையே இந்தியாவின் முதல் மல்டிப்ளெக்ஸ் என்கிறார்கள். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியக் கூட்டாளி விலகிக்கொண்டார். பெயரில் மட்டும் அவர் தங்கிவிட்டார். பிறகு பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 2012 இல் சினிமேக்ஸை 395 கோடி ரூபாய்க்கும், 2016 இல் டி.எல்.எஃப். நிறுவனத்தின் டி.டி. சினிமாஸை 433 கோடிக்கும் வாங்கினார்கள். 2018 இல் எஸ்.பி.ஐ. நிறுவனத்தின் ஏறக்குறைய 72 விழுக்காட்டுப் பங்குகளுக்கு ரொக்கமாக 633 கோடியும், மீதிப் பங்குகளுக்கு ஈடாகத் தங்கள் பங்குகளும் கொடுத்து, 76 திரைகளை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டார்கள்.

ஐநாக்ஸும் இதற்குச் சளைத்ததில்லை. தொழிற்சாலைகளுக்கு வாயு விற்ற ஜெயின் குடும்பத்துடைய, 2002 இல் புனேயில் முதல் மல்டிப்ளெக்ஸைத் திறந்த அந்த நிறுவனம், 2010 இல் ஃபேம் சினிமாஸையும், 2014 இல் டெல்லியின் சத்யம் சினிப்ளெக்ஸஸையும் (நம் சென்னை சத்யத்துக்கும் இதற்கும் உறவில்லை) தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்த இருவரும் இணைவதாக அறிவித்தபோது, பத்து ஐநாக்ஸ் பங்குகளுக்கு மூன்று பி.வி.ஆர். பங்குகள் என்று விகிதம் போட்டார்கள். இரண்டும் சேர்ந்து திரைகளின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. எங்கள் காலத்தில் கோவை ஏரியா முழுவதையும் சைக்கிளிலும் பேருந்திலும் சுற்றி முடிக்கலாம். இவர்களுடைய தியேட்டர்களுக்கு ஒரு ரெப், நாளைக்கு ஒரு திரை வீதம் போனால், திரும்பவும் முதல் திரைக்கு வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எஸ்.பி.ஐ. கைமாறியபோது சென்னைக்காரர்கள் வருந்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். பாப்கார்னுக்காகவா இவ்வளவு ஒப்பாரி என்று கேட்டார்கள். அந்த வருத்தம் பாப்கார்னைப் பற்றியது மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். 1974 முதல் ஒரு நகரத்தில் இருந்த தியேட்டரை, அந்த நகரத்திலேயே வாழ்ந்து, எந்தப் படம் எந்த வாரம் எடுபடும் என்று தெரிந்த ஒருவர் நடத்துகிறார் என்ற நினைப்பு போனதற்காக அவர்கள் வருந்தினார்கள். சத்யம் என்ற பெயர்ப் பலகையைப் புதிய முதலாளிகள் இறக்கவில்லை. இணைப்பின்போதும் அதே உத்திதான்: ஏற்கெனவே இருக்கும் அரங்குகள் பழைய பெயரிலேயே தொடரும், புதிதாகத் திறப்பவைதாம் இரண்டு பெயரையும் சேர்த்துத் தாங்கும் என்று அறிவித்தார்கள். வியாபார நோக்கில் அது புத்திசாலித்தனம். ஆனால் எங்கள் ஊர் நண்பர் மூன்று நிறுவனங்கள் என்று நம்பிக் கடிதம் எழுதியதற்கும் அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளி மாறிய பிறகும் பலகை மாறாவிட்டால், வழியில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

சரி, முதலாளி என்று யாரைச் சொல்வது? இணைப்புக்குப் பிறகு பி.வி.ஆர். தரப்பு நிறுவனர்களுக்கு 10.62 விழுக்காடும், ஐநாக்ஸ் தரப்பு நிறுவனர்களுக்கு 16.66 விழுக்காடும் பங்கு இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இரண்டையும் கூட்டினாலும் முப்பதைத் தொடவில்லை. மீதி, மியூச்சுவல் ஃபண்டுகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், சில்லறைப் பங்குதாரர்கள் என்று பரந்து கிடக்கிறது. மாதச் சேமிப்பாக மியூச்சுவல் ஃபண்டில் ஆயிரம் ரூபாய் போடும் எங்கள் தெரு ஆசிரியருக்கும் புரூக்ஃபீல்ட்ஸ் தியேட்டரில் ஒரு நாற்காலிக் கைப்பிடியாவது சொந்தமாக இருக்கலாம். முதலாளிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில்தான் அரசின் கண் வேண்டியிருக்கிறது. அந்தக் கண் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். டி.டி. சினிமாஸை பி.வி.ஆர். வாங்க முன்வந்தபோது முதலில் பேசிய தொகை 500 கோடி. இந்தியப் போட்டி ஆணையம் அந்தப் பேரத்தை ஒரே மொத்தமாகப் பார்க்காமல், தெற்கு டெல்லி, குருகிராம், நொய்டா என்று பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தப் பகுதியில் படம் பார்க்கப் போகிறவருக்கு வேறு எத்தனை தியேட்டர்கள் மிஞ்சும் என்று ஆராய்ந்தது. அதன் விளைவாக இரண்டு அரங்குகள் பேரத்திலிருந்து விலக்கப்பட்டன. தொகை 433 கோடியாகக் குறைந்தது. என் பார்வையில் இதுதான் முறையான பரிசோதனை. சாகேத்தில் இருக்கிறவர் படம் பார்க்க பெங்களூருக்குப் போகப் போவதில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர் மும்பைக்குப் போகப் போவதில்லை. நாடு முழுவதும் இருக்கும் ஒன்பதாயிரம் சொச்சம் திரைகளில் இவர்களிடம் இருப்பது ஒரு பகுதிதானே என்று சொல்வதில் எங்களுக்கு என்ன ஆறுதல்? ஒரு பேருந்து தூரத்தில் எத்தனை இருக்கிறது என்பதே எங்கள் கணக்கு.

ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய பி.வி.ஆர்.–ஐநாக்ஸ் இணைப்பு அந்த ஆணையத்தின் மேசைக்கே அனுமதி கேட்டுப் போகவில்லை. கைமாறும் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய்க்கு மேற்படாவிட்டால் முன் அனுமதி வேண்டாம் என்று அப்போது ஒரு விதிவிலக்கு இருந்தது. சாதாரண ஆண்டாக இருந்தால் ஐநாக்ஸ் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். 2019-20 இல் அதன் வருமானம் 1,800 கோடிக்கும் மேல். கொரோனாவால் கதவடைத்துக் கிடந்த அடுத்த ஆண்டில் அது அதலபாதாளத்துக்குப் போனது. அந்த ஆண்டின் கணக்கே அளவுகோலானது. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. போட்டிக்குக் கேடு வரக்கூடும் என்ற அச்சத்தை மட்டும் வைத்து விசாரிக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் ஆணையம் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அடுத்த ஆண்டு அதே வழியில் போனது. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆணையம் விதிக்கு உட்பட்டே நடந்திருக்கும். ஆனாலும் மழை பெய்து கூட்டமே வராத ஒரு நாளின் டி.சி.ஆரைக் காட்டி, 'இந்தத் தியேட்டரின் வசூலே இவ்வளவுதான்' என்று ஒரு தியேட்டர்காரர் சொல்லியிருந்தால், இருபது வயது ரெப்பாக இருந்த நானே சிரித்திருப்பேன். 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பேரங்கள் விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் ஆணையத்தின் முன் வர வேண்டும் என்ற புதிய விதி 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குதிரை போன பின் லாயத்தைப் பூட்டிய கதை.

அச்சத்தை மட்டும் வைத்து விசாரிக்க முடியாது என்றார்கள் அல்லவா, அச்சம் எப்படி இருக்கும் என்பதை 2024 ஏப்ரலில் எல்லையின் இரண்டு பக்கமும் பார்த்தோம். டிஜிட்டல் முறையில் படத்தைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவுக்காகத் தயாரிப்பாளரிடம் வாங்கும் வி.பி.எஃப். கட்டணம் அதிகம் என்று சொல்லி, மலையாளத் தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு தனி ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். (நம் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச்சில் புதுப் படங்களையே நிறுத்தி வைத்ததும் இதே கட்டணத்துக்காகத்தான்.) அந்த ஏற்பாட்டைக் கொச்சியில் ஒரு புதிய மால் அரங்கில் ஏற்பதா வேண்டாமா என்பதுதான் சண்டை. ஒரே ஊரில் ஒரே அரங்கில் முளைத்த தகராறு. ஏப்ரல் 11 முதல், ரம்ஜானுக்கும் விஷுவுக்கும் வந்த மலையாளப் படங்கள் பி.வி.ஆர். ஐநாக்ஸின் திரைகளில், கேரளத்துக்கு வெளியேயும், நின்றுபோயின. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த படங்களின் காட்சிகளும் எடுக்கப்பட்டதாகப் படைப்பாளிகள் செய்தியாளர்களிடம் முறையிட்டார்கள். மால்கள் நடத்தும் லுலு குழுமத்தின் தலைவர் யூசுஃப் அலி நடுவில் நின்று பேசியதாகச் செய்தி வந்தது. சில நாள்களில் சமாதானமும் ஆயிற்று.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. விநியோகத்தில் இருந்தவன் என்ற முறையில், தியேட்டர்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் சண்டை வருவது எனக்கு மழை வருவதைப்போல் இயல்பானது. எங்கள் காலத்திலும் ஒரு தியேட்டர்காரர், வசூல் எப்படி இருந்தாலும் தருவதாக ஒப்புக்கொண்ட மினிமம் கேரண்டித் தொகையில் இழுத்தடித்தால் படப்பெட்டியைக் கொடுக்க மாட்டோம். அவர் முறுக்கிக்கொண்டால் அடுத்த தெருத் தியேட்டருக்குப் பெட்டி போகும். அந்த வெள்ளிக்கிழமை ஊரார் அங்கே போய்ப் படம் பார்ப்பார்கள். சண்டை அந்தத் தெருவோடு முடியும். கொச்சி மால் ஒன்றின் சண்டைக்காக, கோயம்புத்தூரில் சத்தி சாலையிலும் கிருஷ்ணசாமி சாலையிலும் ஒரே காலையில் படம் இல்லாமல் போகும் நிலை அன்று கிடையாது. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் தமிழ்ப் படமும் பாதிப் பேர் மலையாளப் படமும் பார்ப்பவர்கள். விஷுவுக்குக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய், கனி பார்த்து, பிறகு குடும்பத்தோடு படம் பார்த்துத் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அந்த ஏப்ரலில் 'மூன்று நிறுவனங்களின் போட்டி' எந்த வகையில் உதவியது என்பதை நண்பர் சொல்ல வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் மல்டிப்ளெக்ஸ் டிக்கெட்டுக்கு, வரி நீங்கலாக 150 ரூபாய் என்று 2017 இல் அரசு உச்சவரம்பு வைத்தது. கேரளத்தில் அப்படியொரு வரம்பு கிடையாது. அதனால்தான் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பாலக்காட்டையும் திருச்சூரையும் விட்டுக் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுகிறார்கள். பெட்ரோல் செலவைச் சேர்த்தால் மிச்சம் உண்டா என்று நான் கேட்டால் முறைக்கிறார்கள். ஆக, நண்பர் அனுபவிக்கும் குறைந்த டிக்கெட் விலையைக் கொடுத்தது போட்டி இல்லை, அரசாணை. அரசாணை எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் தின்பண்டக் கவுண்டரைப் பார்க்கலாம். பி.வி.ஆர். ஐநாக்ஸ் நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி 2023-24 இல் ஒரு பார்வையாளரிடமிருந்து டிக்கெட்டுக்குச் சராசரியாகக் கிடைத்தது 259 ரூபாய், தின்பண்டத்துக்குக் கிடைத்தது 132 ரூபாய். எங்கள் டாக்கீஸில் முறுக்கும் கலர் சோடாவும் விற்ற கேன்டீன் குத்தகைக்காரர், டிக்கெட் வசூலில் பாதிக்குச் சமமாக எந்த நாளும் பார்த்ததில்லை. வெளி உணவைத் தடுக்கும் உரிமை தியேட்டருக்கு உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில், டம்ளர் இல்லாமல் இருக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். பேரனோடு போயிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் திரை கறுத்தது, ஒலி மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. அரை மணி நேரம் கழித்து, சீருடை அணிந்த ஒரு தம்பி வந்து, காட்சி ரத்து என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். கைப்பேசியில் பதிவு செய்தவர்களுக்குப் பணம் அதுவாகவே திரும்பும் என்றார். நான் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கியவன். அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி, அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு புகார் எண். மேலாளரைப் பார்க்கலாமா என்றேன். "சார், நானே டியூட்டி மேனேஜர்தான். எனக்கு இங்க ஒண்ணும் கையில இல்ல, எல்லாம் சிஸ்டத்துல" என்றார். பாவம், அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் பேரனைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். இருபது நாள் கழித்துப் பணம் வந்தது. வராமல் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாங்கி வாங்கிப் பெருக்கும் வளர்ச்சி எப்போதும் நிலைக்கும் என்பதும் இல்லை. கேரளத்து அங்கமாலியில் ஒரு மல்டிப்ளெக்ஸோடு தொடங்கிய கார்னிவல் சினிமாஸ், 2014 இறுதியில் அனில் அம்பானியின் பிக் சினிமாஸை அப்படியே வாங்கி, இரண்டொரு ஆண்டில் நாட்டின் பெரிய சங்கிலிகளில் ஒன்றாக நின்றது. எங்கள் மாநிலத்தார் கொஞ்சம் பெருமையும் பட்டோம். கொரோனாவுக்குப் பிறகு அதன் திரைகள் பல திறக்கவே இல்லை. ஒரே முதலாளி சறுக்கினால் ஒரே நாளில் எத்தனை ஊர்களில் பூட்டு விழும் என்பதற்கு அது சாட்சி.

கோயம்புத்தூரில் வேறு தியேட்டரே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேஸ்கோர்ஸில் கே.ஜி. இருக்கிறது, நீலாம்பூரில் ஐமேக்ஸ் திரையோடு பிராட்வே வந்திருக்கிறது, இன்னும் பல தனி அரங்குகள் ஓடுகின்றன. போட்டி என்று ஒன்று மிஞ்சியிருக்கிறதென்றால் அது இவர்களால்தான். அதனால்தான் கேட்கிறேன்: நாளை இவற்றில் ஒன்றைப் பெரிய நிறுவனம் விலைபேசினால், போட்டி ஆணையம் தெற்கு டெல்லியைப் பார்த்த அதே கண்ணோடு கோயம்புத்தூர் மாவட்டத்தையும் பாலக்காட்டு எல்லையையும் ஒரே சந்தையாக எடுத்துப் பார்க்குமா? இரு மாநிலங்களுக்கும் நடுவில் இருப்பதால், எங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. பாலக்காட்டுப் புள்ளிவிவரத்தில் நாங்கள் கேரளத்துப் பார்வையாளர்கள். படம் பார்ப்பதோ தமிழ்நாட்டில்.

ஆணையத்துக்கு எழுதுவதைவிடத் தங்களுக்கு எழுதுவது எளிது என்பதால், தங்களால் செய்யக்கூடிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கோவைப் பதிப்பில் வெள்ளிக்கிழமைதோறும் வரும் 'இன்றைய திரைப்படங்கள்' பட்டியலில் புரூக்ஃபீல்ட்ஸும் புரோசோனும் இரண்டு தனி வரிகளாக, நடுவில் வேறு நான்கைந்து தியேட்டர்களோடு அச்சாகின்றன. அடுத்த வாரம் முதல் அவை இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, மேலே நிறுவனத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் போட முடியுமா? மற்ற அரங்குகளுக்கும் அதே முறையில், நடத்துகிறவர் பெயரோடு. இடம் போதாது என்றால், காட்சி நேரங்களை வேண்டுமானால் எடுத்துவிடலாம். அதை எல்லோரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பட விநியோகப் பிரதிநிதி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.